‘எனக்கு ஒண்ணும் இல்லம்மா, ஊர்தான் ஏத்துக்காது’

இந்த வாரக் கடிதம் 27 வயதுப் பெண் ஒருவரிடமிருந்து வந்தது. தேன்மொழி என்று வைத்துக்கொள்வோம். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

தேன்மொழிக்குக் கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை. தோழிகளோடு வாடகை வீட்டில் இருக்கிறார். அப்பா அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆசிரியர் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர். வகுப்பில் எந்தப் பிள்ளையையும் பிரித்து உட்காரவைக்க விடமாட்டார். சத்துணவு வரிசையில் தானும் தட்டோடு உட்காருவார். பட்டியல் சமூகப் பிள்ளைகள் பலருக்குத் தன் சம்பளத்தில் தேர்வுக் கட்டணம் கட்டியிருக்கிறார். வரதட்சணை வாங்காமல் கல்யாணம் செய்துகொண்டவர். “யாராவது சாதி கேட்டா, மனுசங்கன்னு சொல்லு” என்று சொல்லியே மகளை வளர்த்தவர்.

நான்கு வருடமாக உடன் வேலை பார்க்கும் ஒருவரைத் தேன்மொழி விரும்புகிறார். அவர் பட்டியல் சமூகம், வேறு மாவட்டத்தில் ஒரு கிராமம். இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தேன்மொழி அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார். இரண்டு நாள் அப்பா பேசவில்லை. மூன்றாம் நாள், “எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஊர்தான் ஏத்துக்காது. உன் சித்தப்பா பொண்ணு கல்யாணம் நின்னுடும்” என்றாராம். அடுத்த வாரமே தேன்மொழியின் ஜாதகம் தரகர் கைக்குப் போய்விட்டது.

அந்தப் பக்கமும் சம்மதம் இல்லை. தேன்மொழி ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அவருடைய அம்மா நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறியிருக்கிறார். கிளம்பும் நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு, “இது வேண்டாம் தாயி, விட்டுடுங்க” என்றிருக்கிறார்.

தேன்மொழி கேட்பது மூன்று கேள்விகள். அப்பா இத்தனை வருடம் பேசியதெல்லாம் நடிப்பா? அவர் அடிப்படையில் நல்லவர். நாங்கள் கல்யாணம் செய்துகொண்டால், ஒரு குழந்தை பிறந்தால், எப்படியும் ஏற்றுக்கொண்டுவிடுவார் இல்லையா? என்னவருடைய அம்மாவும் சாதி பார்க்கிறார் என்றால் அந்த வீட்டில் நான் எப்படி வாழ்வேன்?

அன்புள்ள தேன்மொழி,

உங்கள் அப்பா நடிக்கவில்லை. முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். ஆனால் இதைப் படித்ததும், ‘அப்படியானால் கடைசியில் சம்மதித்துவிடுவார்’ என்று இரண்டாவது கேள்விக்கு நீங்களே பதில் எழுதிக்கொள்வீர்களோ என்று பயப்படுகிறேன். ஒருவர் மனதார நம்புவதற்கும் அவர் செய்யப்போவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

1930-ல் ரிச்சர்ட் லபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், இளம் சீனத் தம்பதி ஒன்றோடு காரில் தன் நாட்டைச் சுற்றக் கிளம்பினார். இரண்டு வருடங்களில் பத்தாயிரம் மைல். சீனத் தொழிலாளர்கள் உள்ளே வருவதற்கே 1882 முதல் சட்டம் போட்டுத் தடுத்திருந்த நாடு அது. விடுதி, உணவகம் என்று 251 இடங்களில் ஏறி இறங்கினார்கள். பல இடங்களில் லபியர் பெட்டியை எடுக்கிற சாக்கில் வேண்டுமென்றே பின்தங்கி, அந்த இருவரையும் முதலில் உள்ளே அனுப்பிப் பார்த்தார். திருப்பி அனுப்பியது ஒரே ஓர் இடம். பயணம் முடிந்து ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் போட்டு, ‘சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா?’ என்று கேட்டார். 128 இடங்களிலிருந்து பதில் வந்தது. அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் ‘மாட்டோம்’. 1934-ல் அவர் எழுதிய அந்தக் கட்டுரையை வைத்து உளவியலாளர்கள் இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு அதில் படுவது இதுதான். காகிதத்தில் ‘மாட்டோம்’ என்று எழுதுவது சுலபம். நல்ல உடுப்போடு, சிரித்த முகத்தோடு, கையில் பெட்டியோடு எதிரே நிற்பவரை ‘வெளியே போ’ என்று சொல்வது சங்கடம். அந்த நேரத்தில் அறைச் சாவியை எடுத்துக் கொடுத்துவிடுவதுதான் சுலபம். உங்கள் வீட்டில் இது தலைகீழாக நடக்கிறது. மேடையிலும் வகுப்பிலும் ‘சாதி இல்லை’ என்று சொல்வது உங்கள் அப்பாவுக்குச் சுலபமாக இருந்தது, அதற்காக அவருக்கு மரியாதையும் கிடைத்தது. பங்காளிகள் உட்கார்ந்திருக்கும் திண்ணையில் ‘என் மகள் இவரைத்தான் கட்டிக்கப்போறா’ என்று சொல்ல வேண்டுமானால், அவர் எதையாவது இழந்தாக வேண்டும். இத்தனை வருடத்தில் அவருடைய கொள்கை அவரிடம் விலை கேட்பது இதுதான் முதல் தடவை.

நேரில் கொண்டுபோய் நிறுத்தினால் அப்பா மனசு இளகிவிடும் என்று உங்கள் தோழி ஒருவர் யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விடுதிக்காரருக்கு அது ஒரு ராத்திரி விருந்தாளி. யாரும் அவரைக் கேள்வி கேட்கப்போவதில்லை. உங்கள் வீட்டு வாசலில் உங்களவர் வந்து நின்றால் தெருவே பார்க்கும். சங்கடத்தைத் தவிர்க்க உங்கள் அப்பா எந்தப் பக்கம் சாய்வார் என்று நீங்களே யோசித்துப்பாருங்கள்.

பொதுவாகக் கேட்டதும் குறிப்பாகக் கேட்டதும்

அப்பா ‘மாறிவிட்டார்’ என்று கடிதத்தில் நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அவர் மாறவில்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் கேட்ட கேள்விதான் மாறியிருக்கிறது.

1979-ல் டேவிட்சன், ஜக்கார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கப் பெண்களிடம் ஒரே விஷயத்தைப் பல விதமாகக் கேட்டார்கள். ‘குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று பொதுவாக ஒரு கேள்வி. ‘அடுத்த இரண்டு வருடத்தில் நீங்கள் கருத்தடை மாத்திரை சாப்பிடுவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று குறிப்பாக ஒரு கேள்வி. இரண்டு வருடம் கழித்து, யார் உண்மையில் மாத்திரை எடுத்துக்கொண்டார்கள் என்று பார்த்தார்கள். சொல்லுக்கும் செயலுக்கும் தொடர்பே இல்லை என்றால் 0, முழுக்க ஒத்துப்போனால் 1 என்று வையுங்கள். பொதுக் கேள்விக்குக் கிடைத்தது 0.08, குறிப்பான கேள்விக்கு 0.57. பதில் சொன்னவர்கள் அதே பெண்கள்தான். கேள்வியில் ஆள், செயல், காலம் மூன்றும் சேர்ந்ததும் சொல்லும் செயலும் நெருங்கி வந்துவிட்டன.

நம் நாட்டிலும் இதைப் பார்க்கலாம். ப்யூ ஆய்வு மையம் 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் இந்தியா முழுக்க ஏறக்குறைய 30,000 பேரிடம் பேசி, 2021-ல் அறிக்கை வெளியிட்டது. பட்டியல் சமூகத்தைச் சேராதவர்களில் 72 விழுக்காட்டினர், தலித் ஒருவர் பக்கத்து வீட்டில் இருப்பதற்குச் சம்மதம் என்றார்கள். அதே அறிக்கையில், தங்கள் சமூகத்துப் பெண்கள் வேறு சாதியில் கல்யாணம் செய்வதைத் தடுப்பது மிக முக்கியம் என்று சொன்னவர்கள் 64 விழுக்காடு. பக்கத்து வீடுவரைக்கும் வந்த மனசு பந்தலுக்குள் வரவில்லை.

உங்கள் அப்பா வகுப்பறையில் செய்ததெல்லாம் நிஜம். அந்தப் பிள்ளைகளோடு முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்து சாப்பிட்டு உண்டான பழக்கம் அது. நேரடி அனுபவத்தில் வேர்விட்ட எண்ணம், கேட்டுத் தெரிந்துகொண்ட எண்ணத்தைவிட உறுதியாகச் செயலில் வரும் என்று 1977-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. விடுதியில் அறைத் தட்டுப்பாடு. எல்லா மாணவருக்கும் அது தப்பு என்ற எண்ணம் இருந்தது. ஆனால் பொது ஹாலில் கட்டில் போட்டுத் தூங்கி அனுபவப்பட்ட மாணவர்களிடம்தான், எண்ணத்துக்கேற்ற செயலைக் கூடுதலாகப் பார்க்க முடிந்தது. பள்ளிக்கூடம் என்ற இடத்தில் உங்கள் அப்பாவின் கொள்கைக்கு வேர் இருக்கிறது. கல்யாணம் என்ற இடத்தில் அதை அவர் ஒருநாளும் நட்டுப்பார்த்ததில்லை.

காகிதக் கப்

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறீர்கள். அப்பாவிடம் படித்த பட்டியல் சமூக இளைஞர் ஒருவர் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறார். அப்பா தோளில் கைபோட்டு அழைத்துவந்து சோபாவில் உட்காரவைக்கிறார். அம்மா காபி கொண்டுவருகிறார். அப்பாவுக்கு எவர்சில்வர் டம்ளரில், வந்தவருக்குக் காகிதக் கப்பில். வீட்டில் டம்ளருக்கு ஒன்றும் பஞ்சமில்லை. அப்பா பார்க்கிறார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த இளைஞர் காபியைக் குடித்துவிட்டு, கப்பை எங்கே போடுவது என்று கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். ‘அப்போ எனக்கு இது உறைக்கவே இல்லை மேடம்’ என்கிறீர்கள்.

அப்பாவின் கொள்கை எதுவரைக்கும் வரும் என்பதற்கான பதில் அன்றைக்கே உங்கள் கண் முன்னால் நடந்திருக்கிறது. சோபாவரை வந்தது, அடுப்படிக்குள் போகவில்லை. ‘மனுசங்கன்னு சொல்லு’ என்ற சொல்லை நீங்கள் முப்பது தடவை கேட்டிருப்பீர்கள். இந்தக் கப்பை ஒரே தடவை பார்த்தீர்கள். அப்பாவைப் பற்றி இனி எந்த முடிவெடுத்தாலும், அந்த முப்பதைவிட இந்த ஒன்றுக்கு அதிக எடை கொடுங்கள்.

இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள். அதைத் தொடாமல் போனால் நான் உங்களிடம் நேர்மையாக இருந்ததாக ஆகாது. உங்களவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் அம்மா சொம்பில் தண்ணீர் நீட்டினார். நீங்கள் “தாகமில்லைம்மா” என்றீர்கள். வெயிலில் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போயிருக்கிறீர்கள். ‘ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

குற்றம் சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. உங்கள் நான்கு வருடக் காதலில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. ஆனால் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது ஒன்று, வீட்டில் பார்த்து வளர்ந்தது வேறொன்று. யோசிக்க நேரம் இல்லாத அந்த நொடியில், பார்த்து வளர்ந்தது முந்திக்கொண்டு வாயில் வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் அதே வீட்டில் கோழிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டீர்கள், அதுவும் நீங்கள்தான். நல்ல எண்ணமும் பழைய பழக்கமும் ஒரே ஆளுக்குள் சண்டை போடாமல் குடியிருக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அப்பாவைப் புரிந்துகொள்ள இது உதவும். அவர் செய்வதைச் சரி என்று சொல்ல இதைப் பயன்படுத்த வேண்டாம்.

அந்தத் தண்ணீரைப் பற்றி உங்களவரிடம் நீங்களே பேசிவிடுங்கள். அவர் கவனித்திருப்பார். அவர் அம்மாவும் கவனித்திருப்பார். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ‘தாகமில்லை’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தெரிந்தும்தான் அந்த அம்மா அடுப்பு மூட்டியிருக்கிறார்.

அந்த அம்மாவின் ‘வேண்டாம்’

‘அவங்களும் சாதி பார்க்கிறாங்க, ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்’ என்று எழுதியிருப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். உங்கள் வீட்டில் வாய் ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்றது, கை ஜாதகத்தை எடுத்துக் கொடுத்தது. அந்த வீட்டில் வாய் ‘வேண்டாம்’ என்றது, கை சோறு போட்டது. உங்கள் அப்பா ‘வேண்டாம்’ என்பதால் அவர் இழக்காமல் காப்பாற்றிக்கொள்வது ஊரில் உள்ள பெயரை. அந்த அம்மா ‘வேண்டாம்’ என்று சொல்லிக் காப்பாற்றப் பார்ப்பது பெற்ற பிள்ளையின் உயிரை.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பஸ் நிலையத்துக்கு அருகே, சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட 22 வயது பட்டியல் சமூக இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டதைத் தமிழ்நாடே கேமரா காட்சியில் பார்த்தது. அந்தக் காட்சியை அந்த அம்மாவும் பார்த்திருப்பார். அவர் பிள்ளைக்கும் ஏறக்குறைய அதே வயது அப்போது. “விட்டுடுங்க” என்று அவர் உங்கள் கையைப் பிடித்துக் கேட்டதில் கெஞ்சல் இருக்கிறது, விலக்கல் இல்லை. அந்த வீட்டில் உங்களுக்கு இடம் இருக்குமா என்ற கேள்விக்குச் சோறு பரிமாறிய கை பதில் சொல்லிவிட்டது.

உங்கள் கடிதம் ஏழு பக்கம். அப்பாவின் மனசு, அம்மாவின் கண்ணீர், உங்கள் தூக்கம், ஜாதகம், வேலை என்று எல்லாம் இருக்கிறது. உங்களவர் உயிருக்கு ஆபத்து வருமா என்ற கேள்வி மட்டும் இல்லை. இந்தப் பதிலில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

சித்தப்பா கேட்ட ஊர்ப் பெயர்

போன மாதம் சித்தப்பா வீட்டுக்கு வந்து, ‘பையனுக்கு எந்த ஊரு, எந்தத் தெரு’ என்று விசாரித்ததாகவும், நீங்கள் சொல்லவில்லை என்றும், அப்பா அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் என்றும், சித்தப்பா போன பிறகு “அவன் கோபக்காரன், பார்த்துக்க” என்றார் என்றும் இரண்டே வரியில் எழுதிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். இருபது வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டதை வைத்துச் சொல்கிறேன்: கத்துகிறவர்களைவிட, ஊரும் தெருவும் விசாரிப்பவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

அவருடைய ஊர், அறை, வண்டி எண், வேலை நேரம் எதையும் வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள். அம்மாவிடமும் வேண்டாம். ‘பாட்டிக்கு உடம்பு சரியில்லை, உடனே வா’ என்று போன் வந்தால், வேறு வழியில் உறுதி செய்யாமல் கிளம்பாதீர்கள். ஆதார், சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம் எல்லாம் கோவையில் உங்கள் கையில் இருக்கட்டும். மிரட்டல் செய்தி வந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவி எண் 181.

‘அப்பா இருக்கும்போது அப்படி எதுவும் நடக்கவிடமாட்டார்’ என்று நீங்கள் நம்பலாம். நானும் அப்படியே நினைக்க ஆசைப்படுகிறேன். ஆனால் தம்பி ஊர்ப் பெயர் கேட்டபோது அவர் பேப்பரைக் கீழே வைக்கவில்லை.

அப்பாவிடம் என்ன கேட்பது

‘நீங்க சாதி பார்க்க மாட்டேன்னு சொன்னீங்களே’ என்று இனிக் கேட்காதீர்கள். இந்தக் கேள்வி அவரைத் தன் மானத்தைக் காக்கத்தான் தள்ளும், அதற்குப் பிறகு அவர் வேறெதுவும் யோசிக்கமாட்டார். குறிப்பாகக் கேளுங்கள். ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்றார் அல்லவா? அங்கிருந்தே தொடங்குங்கள். “அப்பா, சம்மதம் கேட்கலை. இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சித்தப்பாகிட்ட நீங்களே பேசி, ‘என் பொண்ணு விஷயத்துல நீ தலையிடாத, அந்தப் பையன் மேல யாரும் கை வைக்கக்கூடாது’ன்னு சொல்வீங்களா?”

கல்யாணத்துக்குத் தலையாட்டுவதைவிட இது மிகச் சின்ன விஷயம். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு, தம்பியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதைச் செய்தால், அப்பாவின் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நம்பலாம். அடுத்த படியாக, உறவுக்காரர்கள் யாரும் இல்லாமல் கோவைக்கு வந்து ஒருவேளை உங்களவரோடு உட்கார்ந்து சாப்பிடக் கேட்கலாம். இதைச் செய்யாமல் ‘பார்க்கலாம்’ என்று நாளைக் கடத்தினால் அதுவே பதில். அந்தப் பதிலை நீங்கள் மதிக்க வேண்டும்.

கட்டாயப்படுத்தாதீர்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. மனிதர்கள் எண்ணத்தைப் போலவே நடப்பதில்லை, ஆனால் நடந்துவிட்டதற்கு ஏற்றபடி எண்ணத்தை மாற்றிக்கொள்வது உண்டு. தானாக எடுத்துவைத்த அடியாக இருந்தால் மட்டும். 1959-ல் ஃபெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித் இருவரும் மாணவர்களைச் சலிப்பான வேலை ஒன்றைச் செய்யவைத்து, அடுத்து வருபவரிடம் ‘சுவாரசியமாக இருந்தது’ என்று சொல்லச் சொன்னார்கள். அதற்குக் கூலியாக 20 டாலர் வாங்கியவர்கள் ‘காசுக்காகச் சொன்னேன்’ என்று அதோடு விட்டுவிட்டார்கள். ஒரே ஒரு டாலர் வாங்கியவர்கள், ‘அந்த வேலை உண்மையிலேயே அவ்வளவு மோசமில்லை’ என்று தங்களையே நம்பவைத்துக்கொண்டார்கள். சாப்பாடு சாப்பிடாமல் படுத்து, செத்துப்போவேன் என்று சொல்லி அப்பாவிடம் வாங்கும் சம்மதம், மனசை மாற்றாமல் மேலோடு நின்றுவிடும். அதோடு, அந்தச் சொல்லை நீங்கள் விளையாட்டுக்குக்கூடச் சொல்ல வேண்டாம். உண்மையிலேயே அப்படித் தோன்றினால் அன்றைக்கே ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள் அல்லது அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் பேசுங்கள்.

‘குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்’ என்பது சில வீடுகளில் நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வருடம் கழித்தும் கதவு திறக்காத வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அதனால் கணக்கை இப்படிப் போடுங்கள்: அப்பா வரவே இல்லை என்று வைத்துக்கொண்டு, அப்போதும் இந்த வாழ்க்கை எனக்கு வேண்டுமா? வேண்டும் என்றால் தயாராகுங்கள். அப்பா இல்லாமல் முடியாது என்றால், அதை உங்களவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். விலகுவதும் ஒரு முடிவுதான். ‘அப்பா மாறுவார்’ என்ற நம்பிக்கையில் இன்னும் நான்கு வருடம் அவரைக் காத்திருக்கவைப்பது நியாயமில்லை.

சட்டம் உங்களுக்குத் தருவது

இதை வழக்கறிஞர் தோழி ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்து எழுதுகிறேன். உங்களுக்கு 27, அவருக்கு 29. கல்யாணத்துக்கு யாருடைய சம்மதமும் சட்டப்படி தேவையில்லை.

இரண்டு வழி இருக்கிறது. 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி செய்தால், 30 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பைத் திருமண அலுவலகத்தில் ஒட்டுவார்கள். உங்கள் நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அங்குள்ள அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகும். சித்தப்பாவின் காதுக்குச் செய்தி போக இதுவே போதும். ‘ரிஜிஸ்டர் மேரேஜ்தான் பாதுகாப்பு’ என்று நீங்கள் நினைத்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் இருவரும் இந்துக்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனவே 1967-ல் தமிழ்நாடு கொண்டுவந்த, இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு உங்களுக்குப் பொருந்தும். நண்பர்கள் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் செல்லும், புரோகிதர் வேண்டாம். ஊரறிய அறிவித்துச் செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதன் பிறகு 90 நாளுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதி மறுப்புத் திருமணம் செய்பவர்களைக் காக்க மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் கொண்ட தனிப் பிரிவு வேண்டும் என்று உத்தரவிட்டது. கல்யாணத்துக்கு முன்பே அங்கே மனுக் கொடுக்கலாம். தனியாகப் போக வேண்டாம், வழக்கறிஞரோடு போங்கள். உங்களுக்கு இலவச வழக்கறிஞர் கேட்க உரிமை உண்டு. பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஏற்பாடு செய்து தர வேண்டும். அவருக்கோ அவர் வீட்டாருக்கோ உங்கள் சாதிக்காரர்களிடமிருந்து மிரட்டல் வந்தால் 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உதவிக்கு வரும்.

கூட நிற்பவர்கள்

‘ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் எங்க பக்கம்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தையும் ‘நான் இருக்கேன்’ என்றாராம். அப்பாவின் சொல்லைப் பார்த்தது போலவே இவர்கள் சொல்லையும் பார்க்க வேண்டும். 1965-ல் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு டெட்டனஸ் பற்றிப் பயமுறுத்தும் கையேடு கொடுத்தார்கள். படித்தவர்களுக்குப் பயம் வந்தது, ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமும் வந்தது. போய்ப் போட்டுக்கொண்டவர்கள் நூற்றுக்கு மூன்று பேர். மருத்துவ மையம் எங்கே இருக்கிறது என்று வரைபடம் கொடுத்து, உங்கள் வகுப்பு நேரத்தில் எப்போது போவீர்கள் என்று திட்டமும் போடச் சொன்ன மாணவர்களில் போட்டுக்கொண்டவர்கள் நூற்றுக்கு 28 பேர்.

உங்கள் நண்பர்களுக்கும் வரைபடம் கொடுங்கள். ‘கூட இருப்பியா?’ என்று கேட்காதீர்கள். ‘இந்தத் தேதி, காலை பத்து மணி, இந்த அலுவலகம், சாட்சிக் கையெழுத்து, உன் ஆதார் எண் அதில் வரும், பின்னால் போலீஸ் கூப்பிட்டால் வந்து சொல்ல வேண்டும், வருவியா?’ என்று கேளுங்கள். சிலர் முகம் மாறும். அவர்கள் மேல் கோபப்படாதீர்கள், அவர்கள் அன்பும் உண்மைதான். ஆனால் அந்த நாளுக்கு, முகம் மாறாத மூன்று பேர்தான் உங்களுக்கு வேண்டும். அத்தையிடம், ‘முதல் பத்து நாள் நாங்கள் உங்கள் வீட்டில் தங்கலாமா, மாமா ஒப்புக்கொள்வாரா?’ என்று கேளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இந்த வாரம் உங்களவரோடு தனியாக உட்கார்ந்து, “உங்களுக்குப் பயமா இருக்கா?” என்று கேளுங்கள். நான்கு வருடத்தில் அவர் இதைப் பற்றிப் பேசியதாக உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. ‘அதெல்லாம் ஒண்ணுமில்லை’ என்று சிரித்துச் சமாளித்தால் விடாதீர்கள். ராத்திரி வேலை முடிந்து எந்த வழியாகப் போகிறார், புது நம்பரிலிருந்து போன் வருகிறதா, அம்மா போனில் என்ன சொல்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள். தேதி குறிப்பதா, தள்ளிப்போடுவதா என்பதை அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.